குடியரசு நாள் விடுமுறையும் ஆறு ஊர் வானிலையும்

ஜனவரி கடைசியில் வடக்கே கிளம்புகிற நம் ஊர்க்காரர்கள், போகிற ஊரில் குளிர் எத்தனை டிகிரி என்று போனில் பார்த்துவிட்டு ஸ்வெட்டரை எடுத்து வைப்பார்கள். அது வேண்டியதுதான். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. நம்மை ஏற்றிக்கொள்ள வருகிற விமானமும் ரயிலும் எந்த ஊரிலிருந்து வருகின்றன, எந்த வழியாக வருகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். நாம் கால் வைக்கப்போகாத ஓர் ஊரின் மூடுபனி நம் விடுமுறையில் பாதி நாளை எடுத்துக்கொண்டு போய்விடும்.

2024 குடியரசு நாள் வெள்ளிக்கிழமை வந்தது. சனி, ஞாயிறும் சேர்ந்ததால் குடும்பத்தில் ஆளுக்கொரு திசையில் கிளம்பினோம். நானும் கணவரும் மகளும் சென்னையிலிருந்து தில்லிக்கு, அணிவகுப்பு பார்க்க. பெரியப்பாவும் பெரியம்மாவும் ஏற்கெனவே காசி யாத்திரையில் இருந்தார்கள், அந்த வாரக் கடைசியில் ஊர் திரும்ப வேண்டும். சித்தி மகன் நண்பர்களோடு காஷ்மீரில் குல்மார்க் போயிருந்தான். தம்பி குடும்பம் ஊட்டியில். அக்காவுக்குக் குடித்தனமே கண்ணூரில்தான். அப்பா மட்டும் தூத்துக்குடி வீட்டை விட்டு அசையவில்லை.

ஆனால் அந்த மூன்று நாளும் எங்கள் எல்லோரையும் வழிநடத்தியவர் அப்பாதான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். பல ஊர்களில் ஒரு வருடம் முழுக்கப் பெய்கிற மழையே அவ்வளவு இருக்காது. தாமிரபரணி கரையோர ஊர்கள் தத்தளித்தன, திருச்செந்தூர் ரயில் பாதை அரித்துக்கொண்டு போய் வாரக்கணக்கில் ரயில் ஓடவில்லை. அதற்குப் பிறகு அப்பா காலைப் பேப்பரைத் தொடும் முன்னே இந்திய வானிலைத் துறையின் அறிக்கையைப் படிக்கிற ஆளாகிவிட்டார். மௌசம் செயலி அவர் போனில் முதல் பக்கத்தில் இருக்கிறது. தனக்கு மட்டும் அல்ல, பிள்ளைகள் இருக்கிற ஊர்களுக்கும் சேர்த்துப் படிப்பார்.

அவரிடமிருந்து நான் கற்றுக்கொண்ட இரண்டு விஷயங்கள் பயணம் போகிற எவருக்கும் உதவும். முதலாவது, வானிலைத் துறைக்கு ஒரு நாள் என்பது நள்ளிரவில் தொடங்குவதில்லை. காலை 8.30க்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30க்கு முடிகிறது. பேப்பரில் வருகிற மழையளவும் அப்படிக் கணக்கிட்டதுதான். அதனால் 26ஆம் தேதி விடியற்காலை எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால், முன்னறிவிப்பு அட்டவணையில் 25, 26 இரண்டு நாளுக்கான வரிகளையும் படிக்க வேண்டும். மூடுபனியும் உறைபனியும் வருவது விடியற்காலையில் என்பதால் குளிர்காலத்தில் இது பெரிய விஷயம்.

இரண்டாவது, எச்சரிக்கை நிறங்கள். மஞ்சள் என்றால் கவனமாக இரு, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் உடனே செயல்படு. இந்தப் பொருள் பலருக்கும் தெரியும். எதற்கான நிறம் என்பதைத்தான் படிக்காமல் விடுகிறோம். அதே ஆரஞ்சு ஒரு மாவட்டத்தில் மூடுபனிக்கு, இன்னொன்றில் குளிரலைக்கு, வேறொன்றில் கனமழைக்கு. குளிரலை எச்சரிக்கைக்குச் சட்டை கூடுதலாக எடுத்துக்கொண்டால் போதும். மூடுபனி எச்சரிக்கைக்குப் பயண நேரத்தையே மாற்ற வேண்டி வரும். நிறத்தைப் பார்த்த கையோடு கீழே உள்ள சொற்களையும் படித்துவிட வேண்டும்.

நாங்கள் கிளம்பிய வியாழக்கிழமை சென்னையில் அருமையான வெயில். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. விமான நிலையப் பலகையில் எங்கள் விமானத்துக்கு நேரே தாமதம் என்று இருந்தது. வரிசையில் நின்ற ஒருவர், "இங்க வானம் பளிச்சுன்னு இருக்கே, என்ன வானிலை காரணம்?" என்று கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அவர் கோபம் புரிந்தது. அந்தப் பெண் பாவம், திரும்பத் திரும்ப ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா முந்தின இரவே போனில் கேட்டிருந்தார்: "எம்மா, உன் பிளைட்டு எங்கேருந்து வருது, அதப் பாத்தியா?" எங்களை ஏற்றிப்போக வேண்டிய விமானம் காலையில் தில்லியிலிருந்து கிளம்பி வர வேண்டியது. தில்லியில் மூடுபனி.

ஒரு விமானம் ஒரு நாளில் நாலைந்து ஊர்களுக்கு இடையே ஓடுகிறது. காலையில் ஓரிடத்தில் விழுந்த தாமதம் அன்று இரவு வரை ஒவ்வோர் ஊராகக் கூடவே போகும். விமானிகளுக்கும் பணிப்பெண்களுக்கும் ஒரு நாளில் இத்தனை மணி நேரம்தான் வேலை என்று வரம்பு இருக்கிறது. தாமதம் நீண்டால் அந்த நேரம் தீர்ந்துபோய், விமானம் வந்து நின்ற பிறகும் ஓட்ட ஆள் இல்லாமல் காத்திருக்க நேரிடும்.

தில்லி விமான நிலையத்தில் மூடுபனியிலும் இறங்குவதற்கான கேட் மூன்று (CAT III) கருவிகள் இருக்கின்றன. ஓடுபாதையில் 50 மீட்டர் தூரம் தெரிந்தாலே அதற்குத் தகுதியான விமானம், பயிற்சி பெற்ற விமானியோடு இறங்கிவிடலாம். ஆனால் மேலே எழும்ப 125 மீட்டராவது தெரிய வேண்டும். அதனால்தான் வந்த விமானங்கள் கிளம்ப முடியாமல் நிறைந்துபோய், நிறுத்த இடம் இல்லாமல், அடுத்து வருபவை ஜெய்ப்பூர் பக்கம் திருப்பிவிடப்படுகின்றன. வானிலைத் துறை 50 மீட்டருக்கும் கீழே போனால் மிக அடர்ந்த மூடுபனி என்கிறது, 200 மீட்டர் வரை அடர்ந்த மூடுபனி. முன்னறிவிப்பில் இந்த இரண்டு சொற்களில் எது இருக்கிறது என்று பார்த்தாலே காலை விமானத்தின் கதி ஓரளவு தெரிந்துவிடும்.

அந்த ஜனவரி நடுவில் தில்லியில் நடந்த குழப்பத்துக்குப் பிறகு, மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தால் விமானத்தை முன்கூட்டியே ரத்து செய்யலாம் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் நிறுவனங்களுக்குச் சொல்லியிருந்தது. எனக்கு அது சரியான முடிவாகத்தான் படுகிறது. குழந்தையோடு நிலையத்தில் ஏழு மணி நேரம் உட்கார்வதைவிட வீட்டிலேயே தகவல் வருவது மேல். ரத்தானால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்டு வாங்கலாம். வானிலை காரணம் என்றால் நஷ்டஈடு கிடைக்காது. ஆனால் நிலையத்தில் காக்க வைத்தால் சாப்பாடு, தண்ணீர் தர வேண்டும். கேட்கத் தயங்க வேண்டாம்.

மூடுபனி பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் பின்னும்தான் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏற ஏறக் கலையும். அதனால் டிசம்பர் கடைசி முதல் ஜனவரி வரை தில்லி, லக்னோ, அமிர்தசரஸ், வாரணாசி பக்கம் போக நண்பகலுக்கும் மாலை நான்கு மணிக்கும் இடையில் அங்கே இறங்குகிற விமானம்தான் நல்லது. விலை குறைவாக இருக்கிறதே என்று அதிகாலை விமானத்தைப் பிடிப்பதில் குளிர்காலத்தில் லாபம் இல்லை. இடையில் விமானம் மாறுவதாக இருந்தால் இரண்டையும் ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில் எடுக்க வேண்டும். தனித்தனியாக எடுத்து முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் போனதுதான்.

நாங்கள் தாமதமாக என்றாலும் அன்று மாலையே போய்ச் சேர்ந்துவிட்டோம்.

தில்லிக் குளிரைப் பற்றி நம் பக்கத்தில் ஒரு தவறான எண்ணம் உண்டு. ராத்திரி எத்தனை டிகிரிக்குப் போகிறது என்பதையே எல்லோரும் கேட்கிறார்கள். அந்த ஜனவரியில் ஆளை அடித்தது பகல்தான். அங்கே சாதாரணமாக ஜனவரிப் பகல் 20 டிகிரியை எட்டும். வெயிலில் நாற்காலி போட்டு ஆரஞ்சு உரித்துத் தின்பார்கள். ஆனால் மூடுபனி கலைந்து மேலே எழும்பி ஒரு தட்டையான மேகமாக நின்றுவிட்டால் வெயில் தரைக்கு வராது. பகல் வெப்பம் வழக்கத்தைவிட 4.5 டிகிரி அல்லது அதற்கும் மேல் குறைந்து, இரவும் 10 டிகிரிக்குள் இருந்தால் வானிலைத் துறை அதைக் குளிர் நாள் என்கிறது. அந்த மாதம் அப்படிப்பட்ட நாட்கள் அடுத்தடுத்து வந்தன. குளிரலையில்கூட மதியம் கொஞ்சம் வெயில் காயலாம். குளிர் நாளில் அதுவும் கிடையாது, துவைத்த துணிகூடக் காயாது.

வீட்டுக்குள் போனால் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். நாங்கள் தங்கிய உறவினர் வீடு உட்பட பெரும்பாலான வீடுகள் வெயிலுக்காகக் கட்டப்பட்டவை. மொசைக் தரை கால் வைத்தால் சுரீரென்கும். மகள் முதல் இரவே, "அம்மா, உள்ள இருக்கிறதவிட வெளிய பரவாயில்ல" என்றாள். உண்மைதான். தடித்த சாக்ஸ், வீட்டுக்குள் போட ஒரு செருப்பு, காதை மூடும் குல்லா, இவை மூன்றும் பெரிய கோட்டைவிட அதிகம் உதவின. மின் ஹீட்டரைத் தூங்கும் முன் அணைத்துவிட வேண்டும். கரி அடுப்பை, அங்கே அங்கீட்டி என்பார்கள், மூடிய அறையில் வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு மணம், நிறம் எதுவும் இல்லாத வாயு. ஒவ்வொரு குளிர்காலமும் வட இந்தியாவில் இதனால் குடும்பம் குடும்பமாக இறந்துபோகிறார்கள். சாலையோர விடுதிகளில் அன்போடு கொண்டுவந்து வைப்பார்கள், மறுத்துவிடுங்கள்.

அணிவகுப்பு காலை 10.30க்குத் தொடங்குகிறது. பாதுகாப்புச் சோதனைக்காக அதற்கு வெகு முன்பே போய் உட்கார வேண்டும். அன்று காலையும் மூடுபனி. பை, தண்ணீர் பாட்டில் போன்றவற்றை உள்ளே விடுவதில்லை. பிளாஸ்கில் காபி, பையில் கூடுதல் சால்வை என்ற திட்டமெல்லாம் நடக்காது. தேவையானதை உடம்பில் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். உடம்போடு ஒட்டிய தெர்மல், அதன் மேல் கம்பளி, அதற்கும் மேல் காற்று புகாத ஜாக்கெட் என்று மூன்று அடுக்காகப் போட்டோம். அடுக்குகளுக்கு நடுவே தங்கும் காற்றுதான் சூட்டைக் காக்கிறது. ஒரே ஒரு தடித்த கோட்டு போட்டால் அந்த வசதி இல்லை, வெயில் வந்தால் கழற்றவும் முடியாது. காலுக்கு இரண்டு சாக்ஸ் போடலாம், ஆனால் ஷூ இறுகக் கூடாது, ரத்த ஓட்டம் குறைந்தால் விரல் இன்னும் விறைக்கும். சால்வையைப் போர்த்திக்கொள்வதைவிட நாற்காலியில் மடித்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்ததில் மகளுக்கு நிம்மதி. அந்த வருடம் பிரெஞ்சு அதிபர் மக்ரோன் தலைமை விருந்தினர். படைப்பிரிவுகள் மூடுபனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வெளிப்பட்டு வந்த காட்சிக்காகவே இன்னொரு முறை போகலாம் என்று மூவருக்கும் தோன்றியது.

மூடுபனியில் புகையும் தூசியும் சேர்ந்து தங்கிவிடுவதால், ஆஸ்துமா உள்ளவர்கள் காலை நடையை விட்டுவிட்டு எப்போதும் எடுக்கும் இன்ஹேலரைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது அவசியம். என் கணவருக்குத் தேவைப்பட்டது.

இதே நேரத்தில் குல்மார்க்கில் வேறொரு துயரம். சித்தி மகன் அனுப்பிய படத்தில் புல்வெளி பழுப்பாகக் கிடந்தது. காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் நாற்பது நாளைச் சில்லை கலான் என்பார்கள், குளிர்காலத்தின் உச்சம் அது. அந்த நாட்களில் குல்மார்க் வெள்ளையாக இல்லாமல் இருப்பது அங்குள்ளவர்களுக்கே அதிர்ச்சி. பனிச்சறுக்குக் கட்டை வாடகைக்கு விடுபவர்கள், சறுக்கு வண்டி இழுப்பவர்கள், குதிரைக்காரர்கள் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தார்களாம். பனி உருகித்தான் அங்கே வசந்தத்தில் ஓடைகளுக்கும் ஆப்பிள் தோட்டங்களுக்கும் தண்ணீர். சுற்றுலாக்காரருக்கு ஏமாற்றம் ஒரு வாரத்தில் போய்விடும், அவர்களுக்கு அது ஒரு வருடக் கவலை. பகல் நேரத்தில் தில்லியைவிட ஸ்ரீநகர் வெதுவெதுப்பாக இருந்த நாட்களும் அந்த மாதம் உண்டு.

தில்லியில் கலையாத மூடுபனி, காஷ்மீரில் விழாத பனி. இந்த இரண்டுக்கும் பின்னால் இருந்தது ஒரே காரணம் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகக் கிழக்கே நகர்ந்து வரும் காற்றுச் சுழற்சிகள் இருக்கின்றன. மேற்கத்திய இடையூறு என்று இவற்றைச் சொல்கிறார்கள். குளிர்காலத்தில் இமயமலையில் பனி கொட்டுவதும், பஞ்சாப் கோதுமைக்கு மழை கிடைப்பதும் இவற்றால்தான். நமக்கு வங்கக் கடல் காற்றழுத்தத் தாழ்வு எப்படியோ, வடமேற்குக்கு இது அப்படி. அந்த டிசம்பர், ஜனவரியில் வலுவான இடையூறு வரவில்லை. அதனால் மலையில் பனி இல்லை. சமவெளியில் மூடுபனியைக் கலைக்க மழையும் காற்றும் இல்லை. கீழே குளிர்ந்த ஈரக் காற்று, மேலே வெதுவெதுப்பான காற்று மூடி போல, வடக்கே இமயமலை சுவர். நீர் பாய்ச்சிய வயல்களின் ஈரமும் சேர்ந்து பஞ்சாபிலிருந்து பீகார் வரை அப்படியே தேங்கிவிட்டது. பசிபிக் கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல்நினோவும், மிக உயரத்தில் ஓடிய ஜெட் காற்றின் வலுவும் கூடச் சேர்ந்தன என்று வானிலைத் துறை விளக்கம் தந்தது.

இதைத் தெரிந்துகொண்டால் ஒரே ஒரு செய்தியை வைத்துப் பல ஊர்களைக் கணிக்கலாம். மேற்கத்திய இடையூறு வருகிறது என்று நாலைந்து நாள் முன்னதாகச் சொல்லிவிடுவார்கள். அது வந்தால் முதலில் காஷ்மீர், இமாச்சல், உத்தராகண்டில் பனி. சமவெளியில் மேகமும் தூறலும் வரும், மேகம் போர்த்துவதால் இரவுக் குளிர் கொஞ்சம் தணியும். அது கடந்து போனதும் வானம் தெளிந்து, நனைந்த தரை இரவில் வேகமாகக் குளிர்ந்து, அடுத்த ஓரிரு நாளில் சமவெளியில் அடர்ந்த மூடுபனி. பனி பார்க்க ஆசைப்படுபவர்கள் இடையூறு வருவதற்கு முன்னே மேலே போய்ச் சேர்ந்துவிட வேண்டும், அது போன பிறகு இரண்டு நாளாவது கழித்துக் கீழே இறங்கும்படி டிக்கெட் இருக்க வேண்டும். பனி கொட்டுகிற நாளில் ஸ்ரீநகர் விமானங்கள் ரத்தாகும், ஜம்மு நெடுஞ்சாலையும் மூடப்படும். பனியும் வேண்டும், மூன்று நாளில் திரும்பவும் வேண்டும் என்றால் நடக்காது. சித்தி மகன் ஊர் திரும்பிய பிறகு, மாதக் கடைசியில்தான் அங்கே பனி கொட்டியது. அவனுக்கு வருத்தம். அந்தக் குதிரைக்காரர்களை நினைத்து எனக்குச் சந்தோஷம்.

அதிகம் கஷ்டப்பட்டது பெரியப்பாவும் பெரியம்மாவும். காசியில் காலை மூடுபனியில் எதிர்க்கரை தெரியவில்லை, அடர்த்தி கூடின நேரத்தில் படகும் விடவில்லை. அதைக்கூட அவர்கள் பெரிதாக நினைக்கவில்லை. ஊர் திரும்பும் ரயில்தான் மணிக்கணக்கில் தள்ளிக்கொண்டே போனது.

மூடுபனியில் ரயில் ஏன் ஊர்கிறது என்றால், ஓட்டுநருக்குச் சிக்னல் தெரிய வேண்டும், அவ்வளவுதான். சிக்னல் வரப்போகிறது என்று எச்சரிக்கத் தண்டவாளத்தில் சிறு வெடிகளைக் கட்டி வைப்பது பழைய வழக்கம், சக்கரம் ஏறினால் வெடிக்கும். இப்போது ஜிபிஎஸ் வைத்து அடுத்த சிக்னலைத் திரையில் காட்டும் கருவியை எஞ்சினில் தருகிறார்கள். அப்படியும் வேகத்தைக் குறைத்துத்தான் ஓட்டுவார்கள், அப்படித்தான் ஓட்டவும் வேண்டும். இதோடு இணை ரயில் என்ற சங்கதியும் இருக்கிறது. தெற்கிலிருந்து வடக்கே போன அதே பெட்டிகள்தான் சுத்தம் செய்யப்பட்டுத் திரும்ப வருகின்றன. போன வண்டி எட்டு மணி நேரம் தாமதம் என்றால் திரும்பும் வண்டி சரியான நேரத்துக்குக் கிளம்பாது. அதனால் நம் ரயில் எண்ணை மட்டும் பார்க்காமல், எதிர்த்திசையில் வருகிற அதன் ஜோடி ரயில் எங்கே இருக்கிறது என்று ரயில்வேயின் என்டிஇஎஸ் செயலியில் பார்த்தால், நிலையத்தில் அறிவிப்பதற்கு வெகு முன்பே நமக்குத் தெரிந்துவிடும்.

அப்பா தூத்துக்குடியில் உட்கார்ந்து இதைத்தான் செய்தார். "அண்ணே, வண்டி இன்னும் வந்தே சேரல. ரூம காலி பண்ணாதீங்க, இன்னொரு நாளைக்குச் சொல்லி வைங்க" என்று பெரியப்பாவிடம் போனில் சொன்னார். பெரியப்பாவுக்கு ரத்த அழுத்தம் உண்டு. குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறும். அந்த வயதில் திறந்த நடைமேடையில் இரவு முழுக்க உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ. மடத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டு, ரயில் நெருங்கிய பிறகு போனார்கள். மாத்திரையைக் கூடுதலாக நான்கு நாளைக்கு எடுத்துப் போயிருந்தது பெரியம்மாவின் சாமர்த்தியம். யாத்திரை போகும் பெரியவர்கள் எல்லோருமே அப்படி எடுத்துப் போக வேண்டும்.

நாம் ஏற வேண்டிய நிலையத்தில் ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால், பயணம் வேண்டாம் என்று முடிவெடுப்பவர்களுக்கு முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் இணையத்தில் எடுத்த டிக்கெட்டுக்கு டிடிஆர் என்ற, பணம் திரும்பக் கேட்கும் விண்ணப்பத்தைப் பதிய வேண்டும். அதுவும் ரயில் அந்த நிலையத்தை விட்டுக் கிளம்புவதற்குள் பதிய வேண்டும். ரயில் போன பிறகு பதிந்தால் பயன் இல்லை. ரயில்வேயே வண்டியை ரத்து செய்தால் மட்டும் பணம் தானாக வந்துவிடும்.

ஊட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நமக்குத் தெரிந்த ஊர். தம்பி மகன் விடியற்காலையில் புல் மேல் வெள்ளையாகப் படிந்த உறைபனியைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் போனில் எழுப்பினான். போனில் காட்டிய வெப்பநிலை பூஜ்யத்துக்கு மேலே இருந்ததாம், எப்படிப் பனி உறைந்தது என்று கேட்டான். வெப்பமானி தரையிலிருந்து ஒரு மீட்டருக்கும் மேலே இருக்கிறது. காற்றில்லாத தெளிந்த இரவில் புல் மட்டம் அதைவிடச் சில டிகிரி குளிர்ந்துவிடும். கனமான குளிர்காற்று பள்ளத்தில் தேங்குவதால் மேட்டில் இருக்கும் விடுதியைவிடப் பள்ளத்தில் இருக்கும் விடுதியில் குளிர் கூடுதல். அறை எடுக்கும்போது இதைக் கேட்டு எடுக்கலாம். கார் கண்ணாடியில் உறைந்திருந்தால் வெந்நீர் ஊற்ற வேண்டாம், விரிசல் விடும். அங்கே பத்து மணிக்கு மேல் வெயில் சுள்ளென்று அடிக்கும், உயரத்தில் தோல் சீக்கிரம் கறுக்கும்.

அக்கா எங்கள் எல்லோரையும் பார்த்து ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தாள். "இங்க ஃபேன நிறுத்த முடியல, நீங்க குல்லா போட்டுக்கிட்டுப் படம் அனுப்புறீங்க." ஜனவரியில் நாட்டிலேயே அதிக வெப்பம் பதிவாகும் ஊர்களின் பட்டியலில் கேரளத்து ஊர்கள் அடிக்கடி வரும், கண்ணூர், கோட்டயம், புனலூர் பக்கம் 35 டிகிரியைத் தொடும். கிழக்கிலிருந்து வீசும் வறண்ட காற்று மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டிக் கீழே இறங்கும்போது சூடேறுகிறது, கடற்காற்று உள்ளே வரவும் தாமதமாகிறது. தெய்வ வேடம் கட்டி ஆடும் தெய்யம் பார்க்க அந்த மாதத்தில் நம்மவர்கள் நிறையப் போகிறார்கள். இரவு முழுக்க விழித்திருந்துவிட்டு மதிய வெயிலில் காவு என்கிற கோயில் முற்றத்தில் செருப்பில்லாமல் நிற்க வேண்டியிருக்கும். பருத்தித் துணியும் தண்ணீரும் போதும், ஆனால் குளிர்கால விடுமுறைதானே என்று இவை இல்லாமல் போனால் தலை சுற்றும்.

இப்போதெல்லாம் விடுமுறைக்கு ஒரு வாரம் இருக்கும்போது பொதுவான போக்கை மட்டும் பார்க்கிறேன்: மேற்கத்திய இடையூறு வருகிறதா, வங்கக் கடலில் ஏதாவது உருவாகிறதா. ஒரு வாரம் முன்னே ஒரு குறிப்பிட்ட ஊருக்குக் குறிப்பிட்ட டிகிரியைச் சொல்லும் செயலிகளை நான் நம்புவதில்லை. மூன்று நாள் இருக்கும்போது மாவட்டவாரி எச்சரிக்கையை, போகிற ஊருக்கும் வண்டி புறப்படும் ஊருக்கும் சேர்த்துப் படிக்கிறேன். கிளம்பும் அன்று மூன்று மணி நேரத்துக்கான உடனடி முன்னறிவிப்பு. திரும்பும் டிக்கெட்டை விடுமுறையின் கடைசி இரவுக்கு எடுப்பதே இல்லை. தில்லியிலிருந்து அந்த ஞாயிறு மதிய விமானத்தில் திரும்பினோம், அதுவும் கொஞ்சம் தாமதம்தான். ஆனாலும் திங்கள் காலை பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் போக முடிந்தது.

கம்பளித் துணி பற்றி ஒன்று பாக்கி. நம் ஊரில் அதைத் தேடி அலைய வேண்டாம். போய் வந்தவர்கள் வீட்டில் கேட்டால் கிடைக்கும். எங்கள் தெர்மல்களும் ஜாக்கெட்டுகளும் இப்போது குடும்பத்துக்குப் பொதுச் சொத்து, யார் வடக்கே போனாலும் அந்தப் பெட்டி அவர்கள் வீட்டுக்குப் போகும். திருப்பித் தரும்போது நன்றாக வெயிலில் உலர்த்தித் தர வேண்டும் என்பது மட்டும் அப்பாவின் கண்டிப்பு. நம் கடற்கரை ஊர்களின் ஈரத்தில் மடித்து வைத்தால் கம்பளி பூஞ்சை பிடித்துவிடுகிறது.